நீராவி அன்று

வேப் என்னும் ஆங்கிலச் சொல், ஆவி என்று பொருள்படும் சொல்லின் சுருக்கம். மாணாக்கரை மயக்குவதில் பாதி வேலையை அந்தப் பெயரே செய்துவிடுகிறது. "அது வெறும் நீராவிதானே, ஐயா, வாசனை கலந்திருக்கிறார்கள்" என்று பதின்மூன்று வயதுப் பிள்ளை கூசாமல் சொல்கிறான். பெற்றோர் பலரின் எண்ணமும் அதுவே. ஆகவே, மின்னியல் வெண்சுருட்டைப் பற்றிய பாடத்தைத் தீமையிலிருந்து தொடங்கலாகாது. பொருள் இன்னதென்று காட்டுவதிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

நம் நாட்டுச் சுகாதார ஆய்வின்படி, 13 முதல் 17 வயது வரையுள்ள மாணவரில் வெண்சுருட்டுப் புகைப்போர் 2017இல் நூற்றுக்கு 13.8 ஆக இருந்து, 2022இல் 6.2 ஆகக் குறைந்தனர். அதே ஐந்தாண்டில் மின்னியல் வெண்சுருட்டு இழுப்போர் 9.8இலிருந்து 14.9 ஆகப் பெருகினர். முன்வாயில் அடைபட, பின்வாயில் திறந்துகொண்டது.

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. இரண்டு கண்ணாடித் தகடுகளை எடுத்துக்கொள்க. ஒன்றில் ஒரு துளி நீரும், மற்றொன்றில் மருந்துக் கடையில் வாங்கிய கிளிசரின் ஒரு துளியும் இட்டு, வகுப்பிலேயே மூடாமல் வைத்துவிடுக. மறுநாள் நீர்த்துளி இருந்த இடம் உலர்ந்திருக்கும். கிளிசரினோ பிசுபிசுப்பாக அங்கேயே நிற்கும். நம் ஊர் ஈரக்காற்றை உறிஞ்சிச் சற்றுப் பருத்தும் இருக்கும். மின்கலத்தால் சூடேறும் கம்பிச்சுருள் புகைமேகமாக்குவது இந்தக் கிளிசரினையும், அதையொத்த புரோப்பிலீன் கிளைக்காலையும், அவற்றில் கரைந்த நிக்கோட்டினையும், மணப்பொருள்களையும்தாம். இழுப்பது ஆவியன்று, நுண்துளிகள் என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர்.

கூர்மையான மாணவன் அத்தோடு விடமாட்டான். "கிளிசரினைக் கேக்கிலும் சேர்க்கிறார்களே?" என்பான். நல்ல கேள்வி. அவனுக்குச் சோளப்பொரியின் கதையைச் சொல்லுக. 2000ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துச் சோளப்பொரித் தொழிற்சாலை ஒன்றில் முன்பு வேலை செய்த எண்மர்க்கு, நுரையீரலின் நுண்குழாய்கள் தழும்பேறி அடைபடும் நோய் கண்டது வெளிப்பட்டது. வெண்ணெய் மணத்துக்காகச் சேர்த்த டையசெட்டைல் என்னும் பொருளே காரணமெனப் பின்னர் அறியப்பட்டது. உண்பவர்க்குத் தீங்கு செய்யாத அப்பொருள், அதன் ஆவியை நாள்தோறும் மூச்சில் வாங்கியவரைக் கெடுத்தது. வயிற்றுக்குச் செரிக்கும் வழி உண்டு. நுரையீரலுக்கு அவ்வழி இல்லை. மின்னியல் வெண்சுருட்டின் திரவங்கள் சிலவற்றிலும் டையசெட்டைல் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. இதனால் இழுப்போர்க்கெல்லாம் அந்நோய் வருமென்று சொல்லிவிட வேண்டா. மிகைப்படுத்தும் ஆசிரியரை மாணவன் ஒரே வாரத்தில் கண்டுகொள்வான். பிறகு உண்மையைச் சொன்னாலும் நம்பான்.

நிக்கோட்டினைத் தோட்டப் பிள்ளைகளுக்கு விளக்குவது எளிது. புகையிலை ஊறிய நீரைத் தெளித்துப் பூச்சி விரட்டும் வழக்கத்தை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறியச் செய்யலாம். பூச்சியைக் கொல்லும் அச்சாரம் நிக்கோட்டினே. இக்காலத்தில் அதை ஓர் அமிலத்துடன் சேர்த்து உப்பாக்குவதால் தொண்டைக் கரகரப்புக் குறைகிறது. புதியவனும் இருமாமல் மிகுதியாக இழுக்க முடிகிறது. மூளையின் வளர்ச்சி இருபத்தைந்து வயதளவும் நடைபெறுவதால், இளமையில் பற்றிய பழக்கம் ஆழமாக வேரூன்றும். குப்பியில் வேறு மருந்து கலந்திருந்தாலும் இழுப்பவன் அறியான். மயக்க மருந்தாகிய எட்டோமிடேட் இவ்வாறு கலக்கப்பட்டதால், 2025 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூர் அதைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தது.

பாடத்தை எப்போது நடத்துவது? ஆறாம் ஆண்டில் என்பது என் துணிபு. பிள்ளை புகுமுக வகுப்புக்கோ முதலாம் படிவத்துக்கோ சென்று, பேருந்து நிறுத்தத்தில் மூத்த மாணவன் நீட்டும் வேளையில் நாம் அருகில் இருக்கமாட்டோம். பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கு இதை விற்பது 2024 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி குற்றம்; ஆனால் நீட்டுவோன் கடைக்காரனாக இல்லாமல் தோழனாகவும் இருக்கலாம். "வேண்டாம், எனக்குப் பந்தாட்டம் இருக்கிறது" என்பதுபோல் மறுக்கும் சொற்களை இருவர் இருவராக நடித்துப் பழகச் செய்தல், கட்டுரை எழுதச் செய்வதினும் பயன் தரும்.

ஏற்கெனவே பழகிவிட்டவனைப் பள்ளியை விட்டு விலக்கினால், அவன் சேர்வது இழுப்பவர் கூட்டத்தில்தான். அரசாங்கச் சுகாதார நிலையங்களில் பழக்கத்தை விடுவதற்கு உதவி கிடைக்கிறது. பெற்றோரை அழைத்துப் பேசி அங்கே அனுப்புக. விட்ட முதல் சில நாள்களில் அவனுக்குச் சினம் மிகும், கவனம் சிதறும், உறக்கம் கெடும். அவ்வாரத்தில் அவனை எழுப்பி வாய்பாடு கேளாதிருந்தால் போதும்.