பிரட்டுக் களத்தில் பெண்ணியம்

பெண்ணியம் மேற்கிலிருந்து இறக்குமதியான சரக்கு என்ற பேச்சு இலங்கையில் இன்னும் ஓயவில்லை. அதற்கு 1986இலேயே விடை எழுதிவிட்டார் இலங்கை ஆய்வாளர் குமாரி ஜயவர்த்தன. எகிப்திலிருந்து ஜப்பான் வரை, அந்நிய ஆட்சியையும் வீட்டு ஆதிக்கத்தையும் ஒருசேர எதிர்த்த பெண்களின் வரலாற்றை ‘மூன்றாம் உலகில் பெண்ணியமும் தேசியவாதமும்’ என்ற நூலில் நாடு நாடாக எடுத்துக் காட்டினார்.

ஆனால் அவர் சிந்தனையை உரசிப் பார்க்கத் தோதான இடம், தேயிலைத் தோட்டங்களின் மலையகம்தான். ரேச்சல் குரியனுடன் சேர்ந்து 2015இல் அவர் வெளியிட்ட நூல், தோட்டங்களின் இருநூறு ஆண்டு வரலாற்றில் வர்க்கம், ஆணாதிக்கம், இனத்துவம் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறது.

ஏன் பிரிக்கக் கூடாது? ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போகுமுன் சமைத்து, தண்ணீர் பிடித்து, குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விடுகிறவள் பெண். மலையில் கொழுந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மேலே நின்று அதட்டும் கங்காணி ஆண். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். அவள் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ கைநீட்டி வாங்கிப்போவது நெடுங்கால வழக்கம். இதில் தோட்டத்தை நடத்தும் துரையின் அநியாயம் எங்கே முடிகிறது, வீட்டின் அநியாயம் எங்கே தொடங்குகிறது? துரையை எதிர்த்த தொழிற்சங்கங்களின் மேடையிலும் ஆண்களே அமர்ந்திருந்தார்கள். மலையகத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் அதற்கு விலக்கு. தோட்டம் தோட்டமாகப் பாடித் தொழிலாளரைத் திரட்டியவர் அவர்.

இனத்துவம் எப்படி உள்ளே வருகிறது என்பதற்கு வாக்குரிமைக் கதையே போதும். அரசியல் சீர்திருத்தம் பற்றி விசாரிக்க வந்த பிரித்தானிய டொனமூர் ஆணைக்குழுவிடம் பெண்களுக்கு வாக்குக் கேட்டுப் போன கொழும்புப் பெண்மணிகளிடம், தோட்டத்து இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் அது வேண்டுமா என்று வினவினார்கள். அவர்களும் பெண்கள்தான், எல்லோருக்கும் வேண்டும் என்றார் அவர்களில் ஒருவரான அக்னஸ் டி சில்வா. வாக்குரிமை கிடைத்தது; 1931இல் மலையகப் பெண்களில் ஒரு பகுதியினர் வாக்களித்தார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தமும் அதைப் பிடுங்கிக்கொண்டன. பிடுங்கப்பட்டது ஆணுக்கும்தான், ஆனால் நாடற்றவளாகவும் சம்பளத்தில் குறைந்தவளாகவும் ஒரே நேரத்தில் நின்றவள் பெண்.

ஆண், பெண் நாட்சம்பளம் சமமானது 1984இல், வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான். சங்கத் தலைமையோ இன்றும் பெரும்பாலும் ஆண்களிடமே இருக்கிறது. அடுத்த சம்பளப் பேச்சுக்குப் போகும் குழுவில் கொழுந்தெடுக்கும் பெண்கள் பாதிப் பேராவது இருக்க வேண்டும். சந்தா கட்டும் பெண்கள் இதைத் தங்கள் தோட்டத் தலைவரிடம் இந்த மாதமே கேட்கலாம்.