மரத்தடிக்கு ஒரு மின்னல் பெட்டி

ஆண்டு மலருக்கு எல்லோரும் கவிதை கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கவிதை வராது. எனக்கு வந்தது ஒரு பெட்டிதான். அதையே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அமிர்தி. வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர், ஜவ்வாது மலை அடிவாரம். 1967-ல் தொடங்கிய வன உயிரியல் பூங்காவும் அருவியும் இருப்பதால் நம்மில் பலர் ஸ்கூல் டூரில் வந்திருப்பீர்கள். பூங்காவைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் குலதெய்வக் கோயில். பெரிய புளியமரங்கள், ஒரு கல் மேடை, அவ்வளவுதான். கரண்ட் கிடையாது. காதுகுத்து, பொங்கல், கிடாவெட்டு எல்லாம் அங்கேதான்.

பக்கத்து ஊரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன்தான் எங்கள் பக்கத்து விசேஷங்களுக்கெல்லாம் போட்டோ எடுப்பார். 'பட்டப்பகலில் ஃப்ளாஷ் எதற்கு?' என்று நானும் ஒருமுறை கேட்டேன். மரத்தடியில் எடுத்த படத்தைக் காட்டினார். பின்னால் வெயில் வெள்ளையாக எரிகிறது, முன்னால் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஆட்களின் முகம் கரிச்சட்டி. குடை போட்ட ஸ்டூடியோ ஸ்ட்ரோப் லைட் ஒன்று பக்கத்தில் நின்றால் முகம் தெளியும். ஆனால் அதற்கு 230 வோல்ட் வேண்டும். ஜெனரேட்டர் வாடகை கொடுத்தால் அவருக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. லித்தியம் பேட்டரியோடே வரும் ஸ்ட்ரோப் இப்போது கடையில் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது, விலையைக் கேட்டால் வாங்கத் தோன்றாது. "நீதான் எலக்ட்ரிகல் படிக்கிறியே, ஏதாவது பண்ணுடா தம்பி" என்றார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். ஊரில் மிக்ஸி ரிப்பேர் ஆனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

முதலில் ஸ்ட்ரோப் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். உள்ளே ஒரு பெரிய கெப்பாசிட்டர். மெயின்ஸ் கரண்டை ரெக்டிஃபை செய்து அதில் நிரப்புகிறார்கள். ஸெனான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய் அதன் குறுக்கே இணைந்திருக்கும், ஆனால் கடத்தாது. ஷட்டர் அமுக்கியதும் ட்ரிக்கர் காயில் சில ஆயிரம் வோல்ட்டைக் குழாயின் மேல் அடிக்கும். வாயு அயனியாகிப் பாதை திறக்கும். சேர்த்து வைத்ததெல்லாம் கண் இமைப்பதற்குள் வெளிச்சமாகக் கொட்டிவிடும். தலைமேல் தொட்டியில் மெதுவாகத் தண்ணீர் ஏற்றி, ஒரே நொடியில் கவிழ்ப்பது போல.

இந்த ஸ்ட்ரோப்புக்கும் நம் பாடத்துக்கும் சம்பந்தம் உண்டு. மெஷின்ஸ் லேபில் ஸ்ட்ரோபோஸ்கோப் வைத்து மோட்டாரின் ஸ்லிப் பார்க்கிறோம் அல்லவா? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹெரால்டு எட்ஜர்டன் என்பவர் 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கியபோது, ஓடுகிற சிங்க்ரனஸ் மோட்டாரைப் பார்க்கத்தான் இந்த விட்டுவிட்டு மின்னும் விளக்கைப் பயன்படுத்தினார். பால்துளி விழுந்து கிரீடம்போல் தெறிக்கும் படம் பார்த்திருப்பீர்கள், 1957-ல் அவர் எடுத்தது. மோட்டார் ஆசாமிதான் போட்டோ உலகத்துக்கு மின்னலைக் கொடுத்திருக்கிறார்.

அண்ணனுடைய லைட் 200 ஜூல். கெப்பாசிட்டர் சுமார் 3,800 மைக்ரோஃபாரட். மெயின்ஸின் உச்ச வோல்டேஜ் 325 வரை ஏறும். அரை × சி × வி ஸ்கொயர் போட்டுப் பாருங்கள், 200 வரும். செமஸ்டரில் மனப்பாடம் செய்த சூத்திரம் ஒரு பொருளுக்குள் உட்கார்ந்திருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

ஆரம்பத்தில் வீட்டு உபயோகப் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரையும் ஒரு பேட்டரியையும் சேர்த்தேன். மல்டிமீட்டரில் 230 காட்டியது. லைட்டைச் சொருகினால் ரெடி லாம்ப் எரியவே இல்லை. அடித்துப் பார்த்தால் படம் ஒரு ஸ்டாப்புக்கு மேல் இருட்டு. இரண்டு நாள் லைட்டைத்தான் சந்தேகப்பட்டேன். லைட்டில் குற்றமில்லை. சைன் வேவில் ஆர்.எம்.எஸ். 230 என்றால் உச்சம் 325. ஸ்கொயர் வேவிலோ ஆர்.எம்.எஸ்.சும் உச்சமும் ஒன்றே. அதோடு நம் சாதா மீட்டர் சராசரியை அளந்து, சைன் வேவ் என்று நம்பி 1.11-ஆல் பெருக்கிக் காட்டும். ஆக மீட்டர் சொன்ன 230 உண்மையில் 207. கெப்பாசிட்டர் அதற்கு மேல் ஏறாது. 207-ஐ 325-ஆல் வகுத்து ஸ்கொயர் செய்தால் 0.4. அதாவது 200 ஜூலில் 80 ஜூல்தான் வந்திருக்கிறது. ஃபார்ம் ஃபேக்டர், பீக் ஃபேக்டர் எல்லாம் இரண்டு மார்க் கேள்வி என்று நினைத்திருந்தேன்!

இந்தச் சந்தேக காலத்தில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். மறைக்காமல் எழுதுகிறேன். லைட்டைக் கழற்றினேன். அரை மணி நேரத்துக்கு முன்பே பிளக்கைப் பிடுங்கிவிட்ட தைரியம். ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி கெப்பாசிட்டரின் இரண்டு முனையிலும் பட்டது. துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம், நீல நெருப்பு, ஸ்க்ரூ டிரைவர் முனை உருகிப் பள்ளம். லேபில் இருந்த சார் ஓடிவந்து, "டேய், அது உன் விரலா இருந்தா உங்க அம்மாவுக்கு யார்டா பதில் சொல்றது?" என்றார். அதற்கப்புறம் ஒரு வாரம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு அவரேதான் சொல்லிக்கொடுத்தார்: இரண்டு 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் கட்டி, இன்சுலேஷன் உள்ள புரோப் வழியாக முனைகளில் வைத்து இறக்க வேண்டும். பல்பு அணைந்துவிட்டது என்று கை வைக்கக் கூடாது, மீட்டரில் பார்க்க வேண்டும். பெரிய கெப்பாசிட்டரில் இறக்கிய பிறகும் கொஞ்சம் வோல்டேஜ் தானாகத் திரும்பி வரும். என் சொந்த யோசனை, லைட்டைத் திறக்கவே திறக்காதீர்கள். பெட்டி செய்வதற்கு அதைத் திறக்கத் தேவையும் இல்லை.

பிறகு செகண்ட் ஹேண்டில் 600 வாட் சைன் வேவ் இன்வெர்ட்டர் வாங்கினேன். அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த பணம். இப்போது வேறு தொல்லை. ஃப்ளாஷ் அடித்ததும் இன்வெர்ட்டர் 'டக்' என்று ட்ரிப். காலியான கெப்பாசிட்டர் அந்த நொடியில் ஷார்ட் சர்க்யூட் மாதிரிதான். இன்வெர்ட்டர் என்ன கண்டது, ஓவர்லோடு என்று படுத்துவிடுகிறது.

இதற்கு மருந்து எந்தப் புத்தகத்திலும் இல்லை, எங்கள் ஊர் வயர்மேன் கடையில் இருந்தது. சீரிஸ் லாம்ப்! மோட்டார் டெஸ்ட் செய்ய எல்லா கடையிலும் பலகையில் தொங்குமே, அதேதான். லைட்டுக்குப் போகும் ஃபேஸில் ஒரு 100 வாட் குண்டு பல்பு. கெப்பாசிட்டர் காலியாக இருக்கும்போது பல்பு பளிச்சென்று எரிந்து கரண்டைத் தடுக்கும். நிரம்ப நிரம்ப மங்கும். அணைந்தால் ரெடி. மிக மோசமான நிலையிலும் இன்வெர்ட்டர் பார்ப்பது வெறும் ஒரு பல்பைத்தான், அதற்கு எப்படி ட்ரிப் ஆகும்? ஒரு பல்பில் நிரம்ப எட்டு நொடி ஆனது. "அதுக்குள்ள மாப்பிள்ளை சிரிப்பு போயிடும்டா" என்றார் அண்ணன். இரண்டு பல்பைப் பேரலலில் போட்டேன், நான்கு நொடி. மாடலிங் லாம்பை அணைத்துத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வோல்டேஜைப் பங்கு போட்டுக்கொண்டு கெப்பாசிட்டரை நிரம்ப விடாது. டிஜிட்டல் டிஸ்ப்ளே உள்ள புது லைட்டில் இந்த வித்தை வேண்டாம். அதன் கண்ட்ரோல் போர்டுக்கும் வோல்டேஜ் குறையும்.

பேட்டரி 12 வோல்ட், 18 ஆம்பியர் ஹவர், சீல் செய்த லெட் ஆசிட். 200 வாட் வெளியே வந்தால் 12 வோல்ட் பக்கம் 20 ஆம்பியருக்கு மேல் ஓடும். வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர் ஒரு மீட்டர் நீளம் போட்டால் போக வர கால் வோல்ட்டுக்கு மேல் அதிலேயே போய்விடும். 6 ஸ்கொயர் எம்.எம்., ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். பேட்டரி பாசிட்டிவுக்குப் பக்கத்திலேயே 30 ஆம்பியர் ஃபியூஸ். இந்த ஃபியூஸ் இல்லாமல் யாரும் செய்யாதீர்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் ஷார்ட் ஆனால் ஒயர் பழுத்துப் பெட்டியே எரியும்.

பெட்டிக்கு உறை அம்மா தைத்தது. அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவர். கிலோ கணக்கில் விற்கும் கட்டிங் பீஸ் தோலை வாங்கி, தோளில் மாட்டப் பட்டையும் காற்றோட்டத்துக்கு ஓட்டைகளும் வைத்துக் கொடுத்தார். இரண்டு பல்பும் வெளியே கம்பிக் கூண்டில், தோலைச் சுடாத தூரத்தில். ஒன்பது கிலோ சொச்சம்.

கணக்கு போட்டேன். 12 × 18, 216 வாட் ஹவர். பாதிக்கு மேல் இறக்கினால் லெட் ஆசிட் சீக்கிரம் செத்துவிடும், ஆக 108. இன்வெர்ட்டரில் 80 சதவீதம் மிஞ்சும். சீரிஸ் பல்பில் பாதி வரை போகும் என்று வைப்போம், மீதி 43 வாட் ஹவர். 3,600-ஆல் பெருக்கி 200-ஆல் வகுத்தால் 770 ஃப்ளாஷுக்கு மேல். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அண்ணனிடம் 700 என்று சொல்லிவிட்டேன்.

முதல் விசேஷம் என் அக்கா மகளின் காதுகுத்து. தாய்மாமன் நான்தான்! காலை ஆறு மணிக்கே பெட்டியை ஆன் செய்துவிட்டு வேட்டி கட்டப் போனேன். சீர்வரிசை வர நேரமாகி, குழந்தையை என் மடியில் உட்கார வைத்தபோது மணி பன்னிரண்டு. ஆசாரி ஊசியை எடுக்கிறார், குழந்தை வீறிடுகிறது, அப்போது புளியமரத்தடியில் 'பீப் பீப்' என்று கேட்கிறது. லோ பேட்டரி. 150 ஃப்ளாஷ்கூட ஆகவில்லை. மடியில் குழந்தை, எழுந்து போக முடியாது. அக்கா என்னைப் பார்க்கிறாள், நான் பெட்டியைப் பார்க்கிறேன். "அண்ணே, பவரைக் குறைங்க, கால்வாசி!" என்று கத்தினேன். அவர் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிக்கொண்டு அடித்தார். வலது காது, இடது காது, இரண்டும் கிடைத்தது. இடது காதுப் படத்தில் கொஞ்சம் மணல் மணலாக இருக்கும். குழந்தையைவிட நான்தான் அதிகம் அழுத முகமாக இருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அளந்தேன். எந்த லோடும் இல்லாமலேயே இன்வெர்ட்டர் 0.8 ஆம்பியர் குடிக்கிறது. 12 வோல்ட்டுக்குச் சுமார் 10 வாட், ஆறு மணி நேரத்துக்கு 60 வாட் ஹவர். என் 108-ல் பாதிக்கு மேல் சும்மா நின்றே தீர்ந்திருக்கிறது. அடித்த ஃப்ளாஷுக்கு இருபத்துச் சொச்சம்தான் ஆகியிருக்கும். ஃபேன் சத்தம் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது, அது கரண்ட் என்று தோன்றவில்லை.

இப்போது தோல் பட்டையிலேயே ஒரு ரிமோட் ஸ்விட்ச் வைத்துவிட்டேன். படம் எடுக்கும்போது மட்டும் ஆன். அதற்குப் பிறகு அண்ணன் அதே கோயிலில் நான்கு விசேஷம் எடுத்துவிட்டார், பீப் சத்தம் வரவில்லை. ஈரத் தரையில் வைப்பதில்லை, ஒரு மரப்பலகை கூடவே போகிறது. சார்ஜ் போடும்போது உறையைக் கழற்றித் திறந்த இடத்தில் போடுகிறோம். பூங்கா பக்கம் மட்டும் இந்த லைட்டை எடுத்துப் போய் மான் முகத்தில் அடிக்கக் கூடாது என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.

அடுத்து லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரி போட்டு எடையைக் குறைக்க வேண்டும். அம்மாவின் அடுத்த சீட்டு தை மாதம். செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மாலையில் மெஷின்ஸ் லேப் பக்கம் வாருங்கள், பள்ளம் விழுந்த ஸ்க்ரூ டிரைவரையும் காட்டுகிறேன்.