நூத்தம்பதா, அறுநூறா? கிடார் கம்பி யுத்தம்!

ஆறே ஆறு கம்பி. ஆனால், கிடார் வாசிக்கிற இரண்டு பேரை டீக்கடையில் நிறுத்தி, "எந்த ஸ்ட்ரிங் நல்லது?" என்று கேட்டுவிட்டு நைஸாக நகர்ந்து பாருங்கள். டீ ஆறிவிடும். சண்டை ஆறாது!

ஒரு கட்சி சொல்லும்: "சாதா கம்பி போதும் ஸார். நூத்தம்பது ரூபாய்ல முடிஞ்சுது வேலை. மிச்சமெல்லாம் கவர்ல இருக்கிற கலருக்குக் கொடுக்கிற காசு!"

எதிர்க்கட்சி: "டடாரியோ, எர்னி பால் தவிர வேற கம்பி என் கிடார்ல ஏறாது. நான் பட்டினி கிடந்தாலும் சரி!"

நான் இரண்டு கட்சியிலும் உறுப்பினர் இல்லை. பத்து வருஷமாக இரண்டு வகைக் கம்பியிலும் விரலைத் தேய்த்தவன் என்ற ஒரே தகுதியில் நடுவர் நாற்காலியில் உட்காருகிறேன். ஆபீஸ் முடிந்து, பஸ் பிடித்து, சாப்பிட்டுவிட்டு, ராத்திரி ஒன்பதிலிருந்து பத்து வரை வாசிக்கிற ரகம் நான். தீர்ப்பும் அந்த ரகத்துக்குத்தான்.

பாக்கெட்டுக்குள் என்ன?

முதலில் சரக்கைப் பார்த்துவிடலாம். மெல்லிய கம்பிகள் வெறும் எஃகு. துரு ஏறாமலிருக்க மேலே வெள்ளீயப் பூச்சு. தடித்த கம்பிகளில் நடுவே ஓர் எஃகுக் கம்பி. அதன்மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். அகூஸ்டிக் கிடார் என்றால் வெண்கலச் சுற்று. எலெக்ட்ரிக் என்றால் பெரும்பாலும் நிக்கல் பூசிய எஃகுச் சுற்று.

இதில் ஒரு வேடிக்கை. '80/20 பிரான்ஸ்' என்று பெருமையாக அச்சடித்திருப்பார்களே, அது வெண்கலமே கிடையாது! 80 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம். நம் வீட்டில் அதற்குப் பெயர் பித்தளை. 'பாஸ்பர் பிரான்ஸ்'தான் அசல் வெண்கலம். செம்பு, கொஞ்சம் வெள்ளீயம், துளி பாஸ்பரஸ். பித்தளைக் கம்பி புதிதில் பளீரென்று பேசும். வெண்கலம் சற்று இதமாகப் பேசும். நாளும் கூடுதலாக வரும்.

ஆக, ரகசிய மூலிகை எதுவும் இல்லை. சாதா கம்பியிலும் இதே உலோகங்கள்தான். பிறகு ஏன் நாலு மடங்கு விலை?

சீருக்கு! ஒரு கம்பி இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே தடிமனாக, ஒரே எடையாக இருக்க வேண்டும். சுற்று ஓரிடத்தில் இறுகி, ஓரிடத்தில் தளர்ந்தால் சுருதி நிற்காது. பெரிய கம்பெனிகள் காசு வாங்குவது முக்கியமாக இதற்கு. (கொஞ்சம் விளம்பரத்துக்கும்தான். எந்த ராக் ஸ்டாரும் சும்மா சிரிக்கமாட்டார்!)

அவர்களும் பேரைச் சும்மா சம்பாதித்துவிடவில்லை. டடாரியோ குடும்பத்தின் முன்னோர்கள் இத்தாலியில் சாலே என்ற ஊரில் ஆட்டுக் குடலை முறுக்கி நரம்பு செய்தவர்கள். எர்னி பால் கலிபோர்னியாவில் கிடார் கடை வைத்திருந்தவர். அந்தக் கால செட்டில் மூன்றாவது கம்பி தடித்த சுற்றுக் கம்பி. ராக் வாசிக்கிற பையன்கள் அதை வளைக்க முடியாமல் தவித்தார்கள். சிலர் மெல்லிய பான்ஜோ கம்பியை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். இதைப் பார்த்துத்தான் எர்னி பால் 1962-ல் 'ஸ்லிங்கி' என்று மெல்லிய செட்டை இறக்கினார். பிய்த்துக்கொண்டு போனது!

மூன்று செட்... ஒரு கிடார்!

சரித்திரம் போதும். சோதனைக்கு வருவோம். என் அகூஸ்டிக் கிடாருக்கு 12-53 அளவில் மூன்று செட் வாங்கினேன். (முதல் கம்பி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு, ஆறாவது 53 பங்கு.) சாதா செட் 150 ரூபாய். பெயர் பெற்ற செட் 600. மேல்பூச்சு போட்ட ஒசத்தி செட் 1,300. ஒன்று முடிந்ததும் அடுத்தது. தினம் ஒரு மணி நேர வாசிப்பு.

முதல் நாள் வித்தியாசம் கடுகளவு. ஒவ்வொரு செட் மாட்டிய அன்றும் வாசித்துப் பதிவு செய்து வைத்திருந்தேன். மூன்றையும் மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். "எல்லாம் ஒரே சத்தமாத்தான் இருக்கு. நகருங்க, பால் பொங்குது" என்றாள். நிபுணர் அபிப்பிராயம்!

வித்தியாசம் போகப் போகத்தான் தெரிந்தது. சாதா கம்பி மூன்றாவது வாரத்தில் கறுத்து, 'டங்' என்றிருந்தது 'டொக்' ஆகிவிட்டது. 600 ரூபாய் செட் எட்டு வாரம் தாக்குப்பிடித்தது. 1,300 ரூபாய் செட் இருபது வாரம்!

இனி நம்ம ஆபீஸ் கணக்கு. விலையை வாரத்தால் வகுத்தால், சாதா வாரத்துக்கு 50 ரூபாய். பெயர் பெற்றது 75. ஒசத்தி 65. சாதா ஜெயித்துவிட்டது!

கொஞ்சம் பொறுங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை என்றால் வருஷத்துக்குப் பதினேழு தடவை கம்பி மாற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம். செய்வீர்களா? முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. செத்த கம்பியிலேயே ஆறு மாசம் ஓட்டிவிட்டு, "சீப் கம்பின்னா இப்படித்தான்" என்று பழியைப் போடுகிறார்கள்.

வில்லன் வேற ஆள்!

கம்பியைக் கொல்வது விலை அல்ல, வியர்வை! விரலிலுள்ள உப்பும் எண்ணெயும் சுற்றுகளின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. துரு ஏறுகிறது. கம்பி அங்கங்கே கனத்து, அதிர்வு மங்குகிறது. சென்னை மாதிரி உப்புக்காற்று ஊர் என்றால் கேட்கவே வேண்டாம்.

மேல்பூச்சு கம்பியின் சூட்சுமம் இதுதான். எலிக்ஸிர் கம்பியைச் செய்கிற கோர் கம்பெனி, கோர்டெக்ஸ் என்ற மழைக்கோட்டுத் துணிக்குப் பேர் போனது. அதே பிளாஸ்டிக் குடும்பத்துப் பூச்சை மெல்லிசாகக் கம்பிக்கும் போர்த்திவிட்டார்கள். கம்பிக்கு மழைக்கோட்!

நமக்கு அவ்வளவு வசதி இல்லையென்றால் பழைய பனியன் போதும். வாசிக்கும் முன் கையைக் கழுவுங்கள். வாசித்ததும் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழுமாகத் துடையுங்கள். சாதா கம்பிக்கே ஒரு வாரம் ஆயுசு கூடும்.

'அமெரிக்காவில் மோடவுன் கம்பெனியின் பேஸ் கிடார் மேதை ஜேம்ஸ் ஜேமர்சன், அறுந்தால் ஒழியக் கம்பி மாற்றமாட்டாராமே' என்று சிலர் சாக்குச் சொல்வார்கள். வாஸ்தவம்தான். ஆனால் அவர் போட்டது தட்டைச் சுற்று பேஸ் கம்பி. மந்தமான நாதம்தான் அவருக்கு வேண்டியிருந்தது. தவிர, அவர் ஜேமர்சன்!

எதைத் தொடக் கூடாது?

சாதா கம்பியில் இரண்டு ஜாதி உண்டு. அளவும் உலோகமும் அச்சிட்டது ஒன்று. வெறும் 'கிடார் ஸ்ட்ரிங்ஸ்' என்று மட்டும் போட்டிருப்பது இன்னொன்று. இரண்டாவதைப் பத்து ரூபாய்க்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

என் ஆபீஸில் ஒரு ஜூனியர். முதல் போனஸில் கிடார் வாங்கினான். கம்பி அறுந்ததும் பேரில்லாத பாக்கெட் ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறான். அன்றிலிருந்து சுருதியே சேரவில்லை. இரண்டு மாசம் போராடிவிட்டு, "எனக்குச் சங்கீத காது இல்ல போல ஸார்... வித்துடலாம்னு இருக்கேன்" என்றான். முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் ரூமுக்குப் போய்ப் பார்த்தேன். மூன்றாவது கம்பியை வெறுமனே மீட்டினால் சுருதி கச்சிதம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் எங்கேயோ போகிறது! மற்ற ஐந்தும் ஒழுங்கு. கோளாறு காதில் இல்லை, கம்பியில்! அளவு போட்ட 180 ரூபாய் செட் ஒன்றை மாட்டினோம். ஸி மேஜர் பிடித்து ஒரு தடவை மீட்டினான். மறுபடி மீட்டினான். நிறுத்தவே இல்லை. இப்போது விற்கிற பேச்சு இல்லை.

பரண் ஏறிய கிடார்களில் எத்தனை, கம்பியின் குற்றத்துக்குத் தண்டனை அனுபவிக்கின்றனவோ!

நீங்களே சோதிக்கலாம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர்மேலே விரலை லேசாக வைத்து மீட்டுங்கள். மணி மாதிரி ஒலிக்கும். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே ஸ்வரமாக இருக்க வேண்டும். சந்தேகமிருந்தால் செல்போனில் இலவச ட்யூனர் இருக்கிறது. புதுக் கம்பியில் ஒன்று மட்டும் முரண்டு பிடித்தால் அதை மாற்றிவிடுங்கள்.

இன்னோர் அபாயம், நைலான் கம்பிக்கென்று செய்த கிளாஸிகல் கிடாரில் எஃகுக் கம்பி மாட்டுவது. நைலான் செட்டின் மொத்த இழுவை சுமார் 40 கிலோ. 12-53 எஃகு செட் சுமார் 72 கிலோ! ஒரு முழு ஆள் தொங்குகிற மாதிரி. பிரிட்ஜ் பெயர்ந்து கையோடு வந்துவிடும்.

பெரிய பிராண்ட் செட் பாதி விலைக்குக் கிடைக்கிறதா? போலிகள் நிறைய உலவுகின்றன. அதற்கு ஒழுங்கான சாதா கம்பியே மேல்.

தீர்ப்பு

* கற்றுக்கொள்பவரா? அளவு போட்ட சாதா செட் தாராளம். 10 அல்லது 11-ல் தொடங்கும் மெல்லிய செட்டாக வாங்குங்கள், விரல் பிழைக்கும்.

* கம்பி மாற்றச் சோம்பலா? கை ரொம்ப வியர்க்குமா? மேல்பூச்சு செட். கணக்குப் பார்த்தால் நஷ்டமில்லை.

* மேடை, ரெக்கார்டிங்? பெயர் பெற்ற புது செட். ஒருநாள் முன்னதாகவே மாட்டிப் பழக்கிவிடுங்கள். அங்கே சறுக்கினால் 450 ரூபாய் மிச்சம் பிடித்ததை யாரும் பாராட்டமாட்டார்கள்.

* யாராக இருந்தாலும், முதல் கம்பி மட்டும் தனியாக இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி அறுகிறது அதுதான்.

மிச்சமாகிற காசில் புதுசாக ஒரு பனியன் எடுத்துக்கொள்ளுங்கள். பழையதுதான் கிடாருக்குப் போய்விட்டதே!