இரண்டாவது டிஸ்க் இருக்கே, என்ன கவலை?

சேலம் அம்மாபேட்டையில் தறிக்கு டிசைன் போட்டுக் கொடுப்பவர்கள் பழைய கம்ப்யூட்டரை லேசில் தூக்கிப் போடமாட்டார்கள். கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். அன்று காசு கொடுத்து வாங்கிய டிசைன் சாஃப்ட்வேர் விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடும். அதைத் திறக்கும் சாவியான டாங்கிள், பெட்டிக்குப் பின்னால் இருக்கும் அகலமான பிரிண்டர் போர்ட்டில்தான் செருகும். இன்றைய மெஷின்களில் அந்த போர்ட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் இடம் தீர்ந்தால் இன்னொரு ஹார்டு டிஸ்க் மாட்டுவதுதான் வழக்கம்.

மாட்டுவது அரை மணி நேர வேலை. பவர் வயரை உருவிவிட்டு, கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டு உடம்பிலிருக்கும் மின்சாரத்தை இறக்கி, டிஸ்க்கைத் தட்டில் வைத்து ஸ்க்ரூ முடுக்கினால் ஆயிற்று. 2003 வாக்கில் சாட்டா என்ற மெல்லிய கேபிள் இணைப்பு வந்தது. அதற்கு முந்தைய போர்டு என்றால் பட்டை கேபிள்தான். மாஸ்டர், ஸ்லேவ் என்று ஜம்பர் மாற்ற வேண்டும். எக்ஸ்பிக்கு 2 டிபியைத் தாண்டிய டிஸ்க் வாங்காதீர்கள். 1 டிபி போட்டால் 931 ஜிபிதான் காட்டும். கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம், கணக்கு அப்படி. விண்டோஸ் வராமல் 'சிஸ்டம் இல்லை' என்றால், பயாஸ் புது டிஸ்க்கை முதலில் தேடுகிறது என்று அர்த்தம். வரிசையை மாற்றினால் போதும்.

பயப்பட வேண்டிய இடம் பவர் வயர். மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பழையது என்றால் அதில் சாட்டா முனை குறைவாக இருக்கும். நான்கு பின் முனையிலிருந்து பிரித்துக் கொடுக்கும் மலிவான கன்வெர்ட்டரைச் செருகிவிடுவார்கள். பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த ரகத்தில் உள்ளே வயர்கள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நெருங்கிக் கிடக்கலாம். சூடேறி உருகி, டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோன கதைகள் உலகமெங்கும் உண்டு. வயர்கள் தனித்தனியாகக் கவ்விப் பிடித்திருக்கும் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

மாட்டி முடித்த பிறகு நடப்பதுதான் என் கவலை. பத்து வருஷத்து புட்டா, பார்டர், முந்தி எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்கு மாற்றுகிறார்கள். இடம் வேண்டுமே என்று பழையதில் அழித்துவிடுகிறார்கள். "ரெண்டு டிஸ்க் இருக்குங்க" என்று நிம்மதியும் வந்துவிடுகிறது. டிஸ்க் இரண்டு, ஃபைல் ஒன்றுதான்! அழிக்காமல் இரண்டிலும் வைத்திருந்தாலும், இரண்டுக்கும் மின்சாரம் தருவது ஒரே எஸ்எம்பிஎஸ். அது கெட்டு வோல்டேஜ் எகிறினால் இரண்டும் சேர்ந்தே போகும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸும் டிரைவ் பார்த்து விட்டுவைப்பதில்லை. 2017 மே மாதம் அப்படிப்பட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியபோது, மூன்று வருஷம் முன்பே எக்ஸ்பியைக் கைகழுவியிருந்த மைக்ரோசாஃப்ட் அதற்காக இறங்கிவந்து பேட்ச் கொடுத்தது.

டிசைனைத் துளையிட்ட அட்டைகளில் வைத்திருந்த காலத்தில் எலி கடித்தாலும் சில அட்டைகள்தான் போகும். அவற்றை மட்டும் அடித்துச் சேர்த்துக்கொள்ளலாம். ஃபைல் போனால் பழைய சேலை ஒன்றைத் தேடிப்பிடித்து, லென்ஸ் வைத்து இழை எண்ணி, கட்டம் கட்டமாக முதலிலிருந்து வரைய வேண்டும். அந்தச் சேலை எந்த ஊர்ப் பெட்டியில் இருக்கிறதோ!

கிளவுடில் போடச் சொல்பவர்கள் உண்டு. சரிதான், ஆனால் இன்றைய பிரவுசர்களே எக்ஸ்பியில் ஓடுவதில்லை.

டிசைன் ஃபைல்கள் ஒன்றும் சினிமா அளவுக்குப் பெரியவை அல்ல. இன்னொரு சின்ன டிஸ்க்கை யூஎஸ்பி உறையில் போட்டு மாதம் ஒருமுறை நகல் எடுத்து, வேறு வீட்டு பீரோவில் வைத்தால் தீர்ந்தது. பழைய மெஷினின் யூஎஸ்பி வேகத்துக்கு 100 ஜிபி ஏற ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். அடுத்த மாதத்திலிருந்து புதிதாக வந்ததை மட்டும் ஏற்றினால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும்.