பூட்டிக் கிடந்த பழைய கார்: மீட்டரை மட்டும் நம்பலாமா?

செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த பண்டார் தெங்காரா போன்ற ஊர்களில், கொட்டகையில் பல வருடங்கள் நிறுத்தி வைத்த பழைய கார் விலைக்கு வந்தால், "மீட்டரைப் பாருங்கள், 48,000 தான். அதிகம் ஓடாத வண்டி" என்றுதான் பேச்சு தொடங்கும். அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் மீட்டரில் எத்தனை இலக்கம் என்று எண்ணுங்கள். பல பழைய கார்களில் ஐந்து இலக்கம்தான். 99,999ஐத் தாண்டினால் மீண்டும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஆகவே 48,000 என்பது 148,000 ஆகவும் இருக்கலாம். பழைய பிரிட்டிஷ் கார் என்றால் அது மைல் கணக்காக இருக்கலாம். 48,000 மைல் என்பது ஏறக்குறைய 77,000 கிலோமீட்டர். மீட்டர் கேபிள் அறுந்த நிலையில் பல காலம் ஓடிய வண்டிகளும் உண்டு.

எனவே மற்ற சாட்சிகளைத் தேடுங்கள். சர்வீஸ் புத்தகம், பட்டறை ரசீதுகள், எண்ணெய் மாற்றியபோது ஒட்டிய ஸ்டிக்கர் ஆகியவற்றில் தேதியும் கிலோமீட்டரும் வரிசையாக ஏற வேண்டும். பெடல் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிகிறது, ஓட்டுநர் இருக்கை குழிந்திருக்கிறது, மீட்டர் மட்டும் குறைவு என்றால் கணக்கு இடிக்கிறது என்று பொருள்.

மீட்டர் உண்மையாகவே இருந்தாலும் கவலை தீராது. ஓடாத வண்டியும் கெடும். ஜொகூரின் ஈரக்காற்றில் துரு உள்ளிருந்து அரிக்கும். தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். பேட்டரியின் அடிப்பகுதி, கதவின் கீழ் விளிம்பு, சக்கர வளைவுகளைத் தொட்டுப் பாருங்கள். சிறு காந்தம் ஒட்டாத இடத்தில் தகரத்துக்குப் பதில் பூச்சு மாவு இருக்கலாம்.

டயரில் தடம் புதிதாகத் தெரிந்தாலும் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் 2308 என்றிருந்தால் 2008ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. மூன்று இலக்கம் மட்டுமே இருந்தால் 2000க்கு முந்தியது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதனால் உள்ளே துருப்பிடித்து, தேவையான நேரத்தில் பிரேக் பிடிக்காமல் போகலாம். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில், ஓடாவிட்டாலும் அந்த பெல்ட்டுக்கு வயதாகும்.

விற்பவர் உடனே ஸ்டார்ட் செய்து காட்டுகிறேன் என்றால் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். மெக்கானிக் முதலில் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கையால் எஞ்சினைச் சுற்றிப் பார்க்கட்டும். பழைய பெட்ரோலையும் எஞ்சின் எண்ணெயையும் மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். கம்ப்ரெஷன் சோதனையில் ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிட மிகவும் குறைவாகக் காட்டினால் எஞ்சின் வேலை காத்திருக்கிறது.

அடுத்தது பத்திரம். கிராண்டில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளவையும் ஒன்றா என்று பாருங்கள். பெயருக்குரியவர் இறந்திருந்தால், வாரிசு ஆவணங்கள் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. சாலை வரி பல வருடங்களாகப் புதுப்பிக்கப்படவில்லை என்றால், மீண்டும் ஓட்ட என்ன செய்ய வேண்டும் என்று ஜேபிஜேயிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். வண்டியை கூலாய்க்கோ கோத்தா திங்கிக்கோ ஓட்டிப் போகலாம் என்று நினைக்காதீர்கள். சாலை வரியும் காப்புறுதியும் இல்லாத, பிரேக் சந்தேகமான காரை லாரியில் ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும்.

கார் வியாபாரி ஏமாற்றினால், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்திற்குக் கொண்டு போகலாம். தனிப்பட்ட ஒருவரிடம் வாங்கினால் அந்த வழி இல்லை. பார்க்க வேண்டியதையெல்லாம் பணம் கைமாறும் முன் பார்ப்பதே நமக்குப் பாதுகாப்பு.

அப்படியானால் பழைய காரே வாங்கக்கூடாதா என்று கேட்கலாம். தாராளமாக வாங்கலாம். 1985ல் வந்த முதல் புரோட்டோன் சாகாவை இன்றும் பிள்ளைபோல் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் விலை பேசும்போது டயர், பிரேக், பெல்ட், துரு வேலை இவற்றின் செலவை ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். அந்தத் தொகையையும் சேர்த்ததுதான் காரின் உண்மையான விலை.