வீட்டு இன்ஷூரன்ஸ்: கட்டடம் வேறு, சாமான்கள் வேறு

பயிர் இன்ஷூரன்ஸ், மாடு இன்ஷூரன்ஸ் என்றால் நம் விவசாயிகளில் பலருக்கு இன்று விளக்கம் தேவைப்படுவதில்லை. குடியிருக்கும் வீட்டின் இன்ஷூரன்ஸ் விஷயம் அப்படியல்ல. பாங்கில் வீட்டுக் கடன் வாங்கியவர்கள், "எங்கள் வீட்டுக்குத்தான் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே" என்று நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தப் பாலிசியை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் கட்டடத்துக்கு மட்டுமே, அதுவும் சில சமயம் கடன் தொகை அளவுக்கு மட்டுமே இன்ஷூர் செய்யப்பட்டிருக்கும். பாங்கின் கவலை அதன் கடன் பற்றியது. உள்ளே இருக்கும் பீரோ, கட்டில், கிரைண்டர், அண்டா குண்டா பற்றி அதற்குக் கவலை இல்லை. 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் போன்ற ஒன்று ஓட்டைப் பிய்த்து எறிந்து, மழை உள்ளே கொட்டிவிட்டால், ஓட்டுக்குப் பணம் வரும். நனைந்து பாழான சாமான்களுக்கு ஒரு காசும் வராது.

கட்டடம் எது, சாமான் எது? வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குக் குடிபோவதாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது சாமான்; விட்டுவிட்டுப் போவது கட்டடம். சுவர், கூரை, உத்திரம், நிலை, கதவு, தரை, சுவருக்குள் ஓடும் மின் ஒயர், பதித்த குழாய் எல்லாம் கட்டடம். துணிமணி, பாத்திரம், டெலிவிஷன், தையல் மெஷின், மெத்தை எல்லாம் சாமான்.

2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுப் பாலிசி நடைமுறையில் உள்ளது. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பாலிசி இது. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படை வாசகம் ஒன்றே. பிரிமியம் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம். ஆகவே இரண்டு மூன்று இடத்தில் விசாரித்து எடுப்பது நல்லது. தீ, இடி, புயல், வெள்ளம், பூகம்பம், நிலச்சரிவு, கலவரம், வண்டி வந்து மோதுதல், தண்ணீர்த் தொட்டி உடைதல் ஆகியவற்றால் ஏற்படும் சேதத்துக்கு இதில் ஈடு உண்டு.

இந்தப் பாலிசியில் கட்டடம் என்பது வீட்டோடு நின்றுவிடவில்லை. திண்ணை, சுற்றுச்சுவர், வேலி, கேட், செப்டிக் டாங்க், நிலையான தண்ணீர்த் தொட்டி, சாண எரிவாயுக் கலன் ஆகியவையும் அதில் அடங்கும். சாண எரிவாயுக் கலன் வைத்திருப்பவர்கள் பலருக்கு இது தெரியாது. ஆனால் இவற்றின் மதிப்பையும் சேர்த்துத் தொகையைக் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

தொகையைக் கணக்கிடும்போது மனையின் விலையைச் சேர்க்கக் கூடாது. நிலம் தீயில் எரியாது. அதற்குப் பிரிமியம் கட்டுவது வீண். வீட்டை இன்றைய விலைக்குத் திரும்பக் கட்ட என்ன செலவாகும் என்பதுதான் கணக்கு. வீட்டின் உள்பரப்பு 50 சதுர மீட்டர், ஒரு சதுர மீட்டர் கட்ட 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கட்டடத்துக்கு 7,50,000 ரூபாய். பரப்பளவைச் சரியாக அளந்து எழுத வேண்டும். பத்து ஆண்டுகள் வரை சேர்த்து எடுக்கலாம். அப்படி எடுத்தால் கட்டுமானச் செலவு ஏறுவதற்கு ஈடாகத் தொகையும் ஆண்டுக்கு 10 சதவீதம் தானாகவே உயரும்.

சாமான்களுக்கு வருவோம். இந்தப் பாலிசியில் கட்டடத்துக்கு எடுக்கும்போது, கட்டடத் தொகையில் 20 சதவீதம் அளவுக்குச் சாதாரண வீட்டுச் சாமான்களும் தாமாகவே சேர்ந்துவிடும்; உச்ச வரம்பு 10 லட்சம். மேலே சொன்ன வீட்டுக்கு இது 1,50,000 ரூபாய். அதற்கு மேல் வேண்டுமென்றால் சாமான்களின் விவரத்தையும் மதிப்பையும் கொடுத்து அதிகம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 2021க்கு முன் எழுதிய நீண்ட காலப் பாலிசியோ, பாங்க் எடுத்துக் கொடுத்த வேறு பாலிசியோ கையில் இருந்தால் இந்த 20 சதவீதம் அதில் இருக்கும் என்று நம்பக் கூடாது. பாலிசி அட்டவணையில் சாமான்கள் என்ற வரிக்கு எதிரே தொகை உள்ளதா என்று பாருங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் சாமான்களுக்கு மட்டும் எடுத்தால் போதும். கட்டடம் வீட்டுக்காரர் பொறுப்பு.

நகைக்குத் தனி விதி. நகை, வெள்ளிப் பாத்திரம் ஆகியவை விலையுயர்ந்த பொருள்கள் என்ற வேறு பிரிவு. தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும். ரொக்கம், பத்திரம், தங்கக் கட்டி, வண்டி வாகனம் ஆகியவை வீட்டுப் பாலிசியில் சேராதவை. நெல் விற்ற பணத்தைப் பெட்டியில் வைத்திருந்து, வீடு தீப்பிடித்துப் பணமும் எரிந்தால் ஈடு கிடைக்காது. திருட்டு பற்றியும் தவறான எண்ணம் உள்ளது. புயல், தீ போன்ற விபத்து நடந்து, அதன் காரணமாக 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டுமே இதில் ஈடு. பூட்டை உடைத்துத் திருடுவதற்குத் தனிப் பாலிசி உண்டு. மின் கசிவால் ஒரு மோட்டாரோ டெலிவிஷனோ தானே எரிந்துபோனால் அந்தக் கருவிக்கு ஈடு இல்லை. அதிலிருந்து தீ பரவி மற்றவை எரிந்தால் அவற்றுக்கு உண்டு.

விவசாயிக்கு உண்மையான சங்கடம் வேறொரு இடத்தில் இருக்கிறது. நம் வீடு பாதி வீடு, பாதி களஞ்சியம். கூடத்தில் நெல் மூட்டை, பரணில் விதைக்கடலை, மூலையில் உர மூட்டை, ஸ்பிரேயர். பாலிசி சொல்வது 'வீட்டு உபயோகப் பொருள்'. சாப்பாட்டுக்கு வைத்த அரிசியை அதில் சேர்த்துச் சொல்லலாம். விற்பனைக்கு அடுக்கிய ஐம்பது மூட்டை நெல்லை அப்படிச் சொல்ல முடியாது. அது வியாபாரச் சரக்கு. பயிர் இன்ஷூரன்சும் அதற்கு உதவாது. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவடைக்குப் பிந்திய சேதம் என்பது வயலில் அறுத்துப் பரப்பிய பயிருக்கு, 14 நாட்கள் வரைதான். மூட்டை வீட்டுக்குள் வந்துவிட்டால் இரண்டு இன்ஷூரன்சுக்கும் நடுவே அது அநாதை. சரக்குக்குத் தனியாகத் தீ இன்ஷூரன்ஸ் எடுக்கலாம். இல்லையேல் நெடுநாள் இருப்பு வைக்கும் நெல்லை முறையான கிடங்கில் சேர்ப்பதே மேல் என்பது என் கருத்து.

மாட்டுக் கொட்டகையும் இப்படித்தான். குடியிருப்புக்கான கட்டடம் அல்ல என்று மறுக்க இடம் கொடுக்காமல், விண்ணப்பத்திலேயே அதைத் தனியாக எழுதிக் கேட்டு, சேர்த்ததற்கு எழுத்து மூலம் பதில் வாங்குங்கள். உள்ளே கட்டிய மாடு எந்த வகையிலும் சாமான் ஆகாது. அதற்குக் காதில் வில்லை போட்டுத் தனி இன்ஷூரன்ஸ். கிணற்றடி பம்ப்செட்டுக்கும் தனிப் பாலிசி.

கீற்று, புல், மூங்கில், தார்ப்பாய் ஆகியவற்றால் ஆன கூரையோ சுவரோ உள்ள வீட்டைக் 'கச்சா' வீடு என்று பாலிசி தனியாக வகைப்படுத்துகிறது. பிரிமியம் குறையட்டும் என்று ஏஜெண்டு ஓட்டு வீடாக எழுதிவிட்டால், ஈடு கேட்கும் நாளில் அகப்பட்டுக்கொள்பவர் நீங்கள்தான். ஓட்டு வீட்டோடு ஒட்டிய கீற்றுத் தாழ்வாரம் இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

குறைத்து எழுதுவதன் விளைவையும் பார்ப்போம். 4 லட்சம் மதிப்புள்ள பொருளை 2 லட்சத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். சேதம் 1 லட்சம். பழைய முறைப் பாலிசிகளில், பாதிதான் இன்ஷூர் செய்தீர்கள் என்று கூறி 50,000 ரூபாய்தான் கொடுப்பார்கள். பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்த வெட்டு இல்லை. ஆயினும் எழுதிய தொகைக்கு மேல் எதிலும் கிடைக்காது.

சேதம் ஏற்பட்டால் உடனே கம்பெனிக்குத் தெரிவியுங்கள். தீ என்றால் தீயணைப்பு நிலையத்திலும், திருட்டு என்றால் போலீசிலும் எழுதிக் கொடுத்து நகல் வாங்குங்கள். சர்வேயர் வருமுன் இடிபாடுகளை அள்ளிக் கொட்டிவிட வேண்டாம். அள்ளியே ஆக வேண்டிய நிலை என்றால் முதலில் போட்டோ எடுங்கள். கட்டடச் சேதத்தையும் சாமான் சேதத்தையும் இரண்டு பட்டியலாக எழுதிக் கொடுங்கள். கிரைண்டர், பீரோ வாங்கிய பில்களின் நகலை உறவினர் வீட்டில் ஒரு பிரதி வைத்திருந்தால், பில்லும் வீட்டோடு எரியாமல் தப்பும்.

தகப்பனார் பெயரிலேயே பட்டா இருந்து அவர் காலமாகிவிட்டால், வாரிசுச் சான்று பெற்றுப் பட்டாவை மாற்றிக்கொண்டு பாலிசி எடுப்பது நல்லது. சேதத்துக்குப் பின் அலைவதைவிட இது எளிது.

கம்பெனி மறுத்தாலோ குறைத்துக் கொடுத்தாலோ முதலில் அந்தக் கம்பெனிக்கே எழுத்து மூலம் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் திருப்தியான பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம், அதிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. பாலிசி நகல், கம்பெனிக்கு எழுதிய கடிதத்தின் நகல், அவர்கள் அனுப்பிய பதில் ஆகியவற்றை மனுவோடு இணைத்து அனுப்ப வேண்டும்.