தடுப்பூசி ஆலையில் வேலை: பத்தாம் வகுப்பிலிருந்தே பாதை உண்டு

தடுப்பூசி, இன்சுலின், புற்றுநோய்க்கான ஊசி மருந்து... இவற்றைத் தயாரிக்கும் ஆலையில் வேலை என்றதும், "அதெல்லாம் பெரிய படிப்பு படிச்சவங்களுக்குங்க, நம்ம பிள்ளைக்கு எங்கே?" என்று கேட்கும் பெற்றோர் நிறைய. மருந்தைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சிப் பட்டம் வேண்டும், சரிதான். ஆனால், அந்த மருந்தைத் தினமும் ஒரே தரத்தில் தயாரித்து, குப்பியில் நிரப்பி, சோதித்து அனுப்புவது யார்? இயந்திரம் இயக்குபவர், ஆய்வக உதவியாளர், கருவிகளைச் சரிபார்ப்பவர், ஏ.சி. மெக்கானிக். இவர்களில் பலர் ஐ.டி.ஐ., டிப்ளமோ, பி.எஸ்சி. படித்தவர்கள்.

இந்த வேலைக்கு எப்படித் தயாராவது, பயிற்சி என்ற பெயரில் பணத்தை இழக்காமல் இருப்பது எப்படி என்று பார்ப்போம்.

ஆலைக்குள் என்ன நடக்கிறது?

சாதாரண மாத்திரைகளில் பெரும்பாலானவை ரசாயனங்களால் ஆனவை. உயிரி மருந்துகள் அப்படி இல்லை. பாக்டீரியா, ஈஸ்ட், விலங்குச் செல்கள் போன்ற உயிருள்ளவற்றை 'பயோரியாக்டர்' என்ற தொட்டியில் வளர்த்து, அவை உருவாக்கும் பொருளைப் பிரித்தெடுத்துச் சுத்திகரிக்கிறார்கள். சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்ளும் இன்சுலினும், ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியும் இப்படித்தான் வருகின்றன. தொட்டியில் வெப்பநிலையோ ஆக்சிஜன் அளவோ மாறினால் மொத்தத் தயாரிப்பும் வீணாகலாம்.

ஊசி மருந்து நேரடியாக உடலுக்குள் போவதால் அதில் ஒரு கிருமிகூட இருக்கக் கூடாது. "கடைசியில் கொதிக்க வைத்தால் போதாதா?" என்று தோன்றும். முட்டையை வேக வைத்தால் வெள்ளைக்கரு கட்டியாகிவிடுகிறது அல்லவா? அதேபோல, புரதத்தால் ஆன மருந்தும் சூட்டில் கெட்டுவிடும். அதனால் கருவிகளை மட்டும் 121 டிகிரி நீராவியில் சுத்தம் செய்து, மருந்தைப் பெரும்பாலும் 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, தூய்மை அறையில் நிரப்புகிறார்கள். குப்பி நிரப்பும் 'ஏ கிரேடு' பகுதியில், ஒரு கன மீட்டர் காற்றில் 0.5 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,520-ஐத் தாண்டக் கூடாது.

அந்த அறையில் அழுக்கை அதிகம் கொண்டுவருவது மனிதர்கள்தான். நம் தோலிலிருந்தும் முடியிலிருந்தும் துகள்கள் உதிர்ந்துகொண்டே இருக்கும். எனவே உள்ளே மோதிரம், கைக்கடிகாரம், நகப்பூச்சு, முகப்பூச்சு எதற்கும் அனுமதி இல்லை. உடை மாற்றும் வரிசைக்கே தனிப் பயிற்சி, தனிப் பரிசோதனை உண்டு. வேகமாக நடக்கக்கூட கூடாது. செய்த ஒவ்வொரு வேலையையும் செய்த நேரத்திலேயே பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுதாத வேலை செய்யாத வேலையாகவே கணக்கில் வரும்.

பயிற்சி ஏன் இவ்வளவு முக்கியம்?

தடுப்பூசித் துறையில் தமிழ்நாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. கிண்டி கிங் நிலையம் 1899-லும், குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-லும், கிண்டி பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் 1948-லும் தொடங்கப்பட்டவை. ஆனால், 2008-ல் குன்னூர், கிண்டி பி.சி.ஜி., இமாச்சலப் பிரதேசத்தின் கசௌலி ஆகிய மூன்று மத்திய அரசு நிறுவனங்களின் உற்பத்தி உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. நல்ல உற்பத்தி நடைமுறை விதிகளை அவை பூர்த்தி செய்யவில்லை என்பதே காரணம். 2010-ல்தான் அந்தத் தடை விலக்கிக்கொள்ளப்பட்டது.

நூறாண்டுப் பெயர் இருந்தாலும் விதிகளில் விட்டுக்கொடுப்பு கிடையாது. மருந்து விதிகளின் 'ஷெட்யூல் எம்' பகுதிதான் இந்த நடைமுறைகளைச் சொல்கிறது. 2023 டிசம்பரில் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. ஊழியர்களுக்கு முறையான பயிற்சி தர வேண்டும், அதற்கான பதிவேடும் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே, பயிற்சி பெற்ற கைகளுக்கு இங்கே தேவை இருக்கிறது.

எந்தப் படிப்பிலிருந்து எந்தக் கதவு?

*பத்தாம் வகுப்பு முடித்தவர்கள்:* ஐ.டி.ஐ.யில் ரசாயன ஆலை இயக்குநர், ரசாயன ஆலை ஆய்வக உதவியாளர், கருவி மெக்கானிக், குளிர்பதனம் மற்றும் ஏ.சி. மெக்கானிக் போன்ற தொழிற்பிரிவுகள் உண்டு. எந்த ஐ.டி.ஐ.யில் எந்தப் பிரிவு இருக்கிறது என்பதைச் சேர்க்கைக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். தூய்மை அறை முழுக்கக் காற்றுக் கட்டுப்பாட்டை நம்பியே இருப்பதால் ஏ.சி. மெக்கானிக்கும் இங்கே முக்கியமான ஆள். பாலிடெக்னிக்கில் கெமிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோவும் நல்ல வழி.

*பிளஸ் டூ முடித்தவர்கள்:* பி.எஸ்சி. நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், வேதியியல் படித்தவர்கள் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கும், பி.பார்ம். படித்தவர்கள் உற்பத்தி மேற்பார்வைக்கும் போகலாம். டி.பார்ம். பெரும்பாலும் மருந்துக்கடை, மருத்துவமனைப் பணிக்கான படிப்பு. ஆலைக்கு என்றே அதைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் யோசியுங்கள்.

*இடையில் படிப்பை விட்டவர்கள், குறுகிய காலத்தில் தொழில் கற்க விரும்புபவர்கள்:* இவர்களுக்காக வந்தவைதான் சமுதாயக் கல்லூரிகள். இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரி 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கியது. 2013-14-ல் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கெனத் தனித் திட்டமே கொண்டுவந்தது. வகுப்பறைப் படிப்போடு தொழிற்கூடப் பயிற்சியும் சேர்ந்திருப்பது இதன் அடிப்படை. இதை ஒட்டிய பி.வோக். படிப்பில் ஓராண்டில் டிப்ளமோ, இரண்டாண்டில் மேல்நிலை டிப்ளமோ, மூன்றாண்டில் பட்டம் என்று இடையில் நிறுத்தினாலும் கையில் சான்றிதழ் இருக்கும். எல்லாக் கல்லூரியிலும் மருந்து உற்பத்திப் பாடம் இருக்காது. கேட்டுவிட்டுச் சேருங்கள்.

அப்ரண்டிஸ்: தவறவிடக் கூடாத படி

எந்தப் பாதையில் வந்தாலும், ஆலைக்குள் நேரடியாகக் கற்றுக்கொள்ளும் தொழிற்பழகுநர் பயிற்சி பெரிய பலம். டிப்ளமோ, பட்டம் முடித்தவர்கள் 'நாட்ஸ்' இணையதளத்திலும், ஐ.டி.ஐ. முடித்தவர்கள் மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இணையதளத்திலும் இலவசமாகப் பதிவு செய்யலாம். பயிற்சிக் காலத்தில் மாத உதவித்தொகை கிடைக்கும். படித்து முடித்த கையோடு பதிவு செய்யுங்க. ஆண்டுகள் கடந்தால் தகுதி போய்விடலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பயிற்சி தந்த நிறுவனம் வேலையும் தந்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஆனால், அந்த அனுபவச் சான்றிதழோடு வேறு ஆலைகளின் கதவைத் தட்டலாம்.

செலவுக்கு என்ன வழி?

அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. 6-ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வரும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இதில் அடக்கம். சாதி, வருமானம், முதல் பட்டதாரி சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள்.

பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகள்

"நூறு சதவீதம் வேலை உத்தரவாதம், மூன்றே மாதத்தில் பார்மா வேலை" என்று விளம்பரம் பார்த்தால் உடனே ஜி-பே செய்துவிடாதீர்கள். முதலில் இதையெல்லாம் கேளுங்கள்:

1. சான்றிதழ் தருவது யார்? பல்கலைக்கழகமா, என்.சி.வி.இ.டி. அங்கீகாரம் பெற்ற அமைப்பா?
2. படிப்பின் தகுதிக் குறியீடு என்ன? தேசியத் தகுதிகள் பதிவேட்டு இணையதளத்தில் அது இருக்கிறதா?
3. பயிற்சியில் கைவேலை எத்தனை மணி நேரம்? எந்த ஆலையில் அல்லது ஆய்வகத்தில்?
4. சென்ற ஆண்டு முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள்? இரண்டு பேரிடம் பேச முடியுமா?
5. பாதியில் விலகினால் பணம் திரும்புமா? எழுத்தில் தருவார்களா?

பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

பக்கத்தில் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லையா? உங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள், கட்டணம் எதுவும் இல்லை. கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்கள் நான் முதல்வன் தளத்தில் தங்கள் பாடப்பிரிவுக்கான திறன் பயிற்சிகளைப் பார்க்கலாம். போகும்போது மதிப்பெண் பட்டியல், ஆதார், மேலே சொன்ன ஐந்து கேள்விகள் மூன்றும் உங்கள் கைபேசியில் இருக்கட்டும்.